ஓரக்கல்

எங்கள் வீட்டுக்கு நான்கு வருடம் ஓரம் இல்லை. சுவர் இருந்தது, மேலே காங்கிரீட் இருந்தது, தரை முழுக்க டைல்ஸ் இருந்தது. ஆனால் சுவரும் தரையும் சேருகிற இடத்தில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குச் சந்து. ஜன்னலுக்கு அடியில் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நிலையைச் சுற்றிப் பூச்சு விட்டுப்போய், கதவைக் கொஞ்சம் கோபமாகச் சாத்தினால் மணல் கொட்டும். நான் கதவைக் கோபமாகச் சாத்துகிறவள்தான். அதனால் தினமும் கொட்டியது.

வீட்டுக்கு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஊடு எப்பங்க முடியும்?" என்பார்கள். "முடிஞ்சு குடியும் வந்தாச்சுங்க, ஓரந்தான் பாக்கி" என்பேன். "ஓரந்தானே" என்று அவர்கள் இழுக்கிற இழுப்பில் எனக்குச் சுர்ரென்று ஏறும்.

நான் தையல்காரி. மலைமேல் திண்ணனூர் நாட்டில், எங்கள் ஊரிலும் சுற்றியுள்ள நாலைந்து ஊர்களிலும் ஜாக்கெட், பாவாடை, பள்ளிக்கூட யூனிபார்ம் எல்லாம் என் மிஷினில்தான். ஓரம் என்பது அழகுக்குப் போடுவது என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பொறுமை கிடையாது. ஒருத்தி புதுச் சேலைக்கு பிக்கோ ஓரத்தையல் வேண்டாம், அப்படியே கட்டிக்கொள்கிறேன் என்று வாங்கிப் போனாள். இரண்டே துவைப்பில் முந்தானை பிரிந்து கொடிகொடியாகத் தொங்க, திரும்ப என்னிடமே வந்தாள். நன்றாக நாலு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் அடித்துக் கொடுத்தேன். துணி எங்கே முடிகிறதோ அங்கேதான் அது பிரிய ஆரம்பிக்கும். நடுவில் எந்தத் துணியும் தானாகப் பிரிவதில்லை.

வீட்டுக்கும் அதே கதைதான் என்று குடிவந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. தரையைத் துடைத்தால் தண்ணீர் சந்தில் இறங்கிச் சுவரைக் குடைந்தது. ஒரே மழைக்காலத்தில் சுவரின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குப் பெயிண்ட் செதில்செதிலாக உரிந்தது. அந்தச் சந்து வழியாகவே எறும்பு வந்து சாமை மூட்டைக்குப் பாதை போட்டது. மார்கழியில் ஜன்னல் கட்டையைச் சுற்றிப் பனிமூட்டம் உள்ளே வந்து, தைக்கிற துணியெல்லாம் ஈரம் கோத்துக்கொள்ளும். சமையல் மேடைக் கல்லின் விளிம்பு தேய்க்காமல் விட்டது. என் சேலையை மூன்று முறை கிழித்தது. வீடு கட்டும்போது டைல்ஸ் நிறத்துக்கு ஒரு வாரம் யோசித்தோம். ஓரத்துக்கு ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. ஓரம் கடைசியில் வருகிற வேலை. அது வருவதற்குள் கட்டுகிறவர்களுக்கு அலுத்துவிடுகிறது.

எங்கள் வீட்டில் அலுப்பு இல்லை, ஆள்தான் இல்லை. என் வீட்டுக்காரர் போர்வெல் வண்டியில் டிரில்லர். வண்டி வடக்கே போனால் மாதக்கணக்கில் அங்கேதான். கல்யாணத்துக்கு முன்னால் அடிவாரத்தில் டைல்ஸ் ஒட்டுகிற வேலைக்குப் போனவர் என்பதால், எங்கள் வீட்டுத் தரையை ஒரு லீவில் வந்து அவரே போட்டார். சுவர் பக்கமெல்லாம் சந்து விட்டுப் போடுவதைப் பார்த்து நான் சத்தம் போட்டேன்.

"ஏனுங்க, அளவு தப்பிப் போச்சா? இப்படிச் சந்து விடறீங்க!"

அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சொவத்தோட முட்டிப் போட்டா, வெயிலுக்கும் ஈரத்துக்கும் டைல்ஸ் எந்திரிச்சுக்கும் புள்ள. நவுர எடம் வேணும். அந்தச் சந்த மறைக்கத்தான் ஓரம். அது அடுத்த தடவ வந்து நான் போடறேன். நீ வேற ஆள உட்றாத."

லீவு முடிந்து போனார். வண்டி அந்த முறை ராஜஸ்தானுக்குப் போயிற்று. மகள் சேலத்தில் விடுதியில் தங்கிப் படிக்கப் போய்விட்டாள். நானும் தையல் மிஷினும் அந்த ஓரமில்லாத வீடும் மீந்தோம்.

வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மரவள்ளிக் காட்டின் மேல்வரப்பில், பெரிய பலாவுக்கு அந்தப் பக்கம் நின்றால் கிடைக்கும். சாயங்காலம் அங்கே போய் நிற்பேன். ஒரு நாள் அவர் குரலில் உற்சாகம். "இங்க எங்க பாத்தாலும் கல்லறுக்கற பட்டறைதான் புள்ள. வெள்ளக் கல்லு. வேணுங்கற அகலத்துக்குப் பட்டையா அறுத்து, வெளிம்ப உருட்டி, மொகம் தெரியற மாதிரி தேச்சுத் தர்றாங்க. நம்மூட்டு ஓரத்துக்கு இதையே போட்ரலாம். அளவெடுத்து அனுப்பு. வண்டி ஊருக்கு வர்றப்ப ஏத்தியாந்துடறேன்."

வண்டி வரும் என்றால் அவரும் வருவார். எனக்கு அது போதும். இரண்டு நாள் தையலை ஓரம் கட்டிவிட்டு அளவெடுத்தேன். ஐந்து ஜன்னல், நான்கு வாசற்படி, சமையல் மேடை, ஒவ்வொரு சுவரும். என் அளவு நோட்டிலேயே எழுதி, படம் பிடித்து அனுப்பினேன். எதிர்ப்பக்கத்தில் மேல்வீட்டு அக்காவின் ஜாக்கெட் அளவும் அந்தப் படத்தில் விழுந்துவிட்டது. "முப்பத்தெட்டுன்னு போட்ருக்குதே, அது எந்த ஜன்னலு?" என்று கேட்டார். அந்த அக்காவிடம் இன்றுவரை இதை நான் சொல்லவில்லை.

அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம் கல்லைப் பற்றித்தான். கல் அறுக்கக் கொடுத்தாச்சா, விளிம்பு உருட்டியாச்சா, வண்டி எப்போது கிளம்பும். அவர் பக்கம் கம்ப்ரசர் சத்தமும் கூட வேலை செய்கிறவர்களின் பேச்சும் கேட்டுக்கொண்டே இருக்கும். அத்தனை பேர் நடுவில் நிற்கிற மனுசனிடம், நீங்கள் இல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். வம்புக்கு வருகிற வாய் இதற்கு வரவில்லை. "கல்லு என்னாச்சுங்க?" என்றுதான் வந்தது. ஒவ்வொரு நாளும் அதைத்தான் கேட்டேன். நான் கேட்டது கல்லை இல்லை என்று அவருக்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஆடியில் வண்டி வந்தது. அடிவாரத்தில் வண்டி நிறுத்துகிற ஷெட்டில் நிற்கிறது என்று மேல்வரப்பில் டிரைவரின் போன் வந்ததும், பச்சைச் சேலையை எடுத்துக் கட்டினேன். அந்தச் சேலைக்கு நானே ஒரு விரல் அகலத்துக்கு ஜரிகை வைத்துத் தைத்திருந்தேன். முதல் பஸ்ஸில் வளைவெல்லாம் இறங்கிப் போனேன். அத்தனை வளைவிலும் அவரிடம் முதலில் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

ஷெட்டில் வண்டி டிரைவர் மட்டும் இருந்தார். சாக்குச் சுற்றிய கல் கட்டுகளை இறக்கி வைத்திருந்தார். நான் அவருக்குப் பின்னால் பார்த்தேன்.

"அண்ணன் வரலீங்க அக்கா. அங்க நிக்கற இன்னொரு வண்டி டிரில்லருக்கு ஒடம்பு முடியல. ஓனரு இன்னும் கொஞ்ச நாளு இருக்கச் சொல்லிட்டாரு. அத உங்ககிட்டச் சொல்ல அண்ணனுக்கு வாய் வரலீங்களாம். கல்ல மட்டும் ஒடையாம சேத்துரோணும்னு வழி முச்சூடும் போன் பண்ணிக்கிட்டே இருந்தாருங்க."

ஒரு கல்கூட உடையவில்லை. ஒவ்வொன்றுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் தன் பழைய லுங்கியைக் கிழித்து மடித்து வைத்திருந்தார். பக்கத்தில் டைல்ஸ் கடை வைத்திருக்கும் பாய் ஒரு மினி வேன் பிடித்துக் கொடுத்தார். கற்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மலை ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். வேன்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, வளைவில் தலை சுற்றுகிறது என்று நினைத்து எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

வீட்டில் கட்டைப் பிரித்து ஒரு கல்லை எடுத்து ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். உட்காரவில்லை. அடுத்த ஜன்னலில் வைத்தேன். அதுவும் இல்லை. எல்லாக் கல்லும் சரியாக ஒரு அங்குலம் கூடுதல் நீளம். பட்டறைக்காரனைத் திட்டிக்கொண்டே நோட்டை எடுத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. ஒவ்வொரு அளவிலும் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை, தையலுக்கு விட்டிருக்கிறேன். இருபது வருடக் கைப்பழக்கம். யார் அளவு எடுத்தாலும் உள்ளே மடிக்கத் துணி விடுகிற கை, சுவருக்கும் விட்டிருக்கிறது.

அன்று சாயங்காலம் மேல்வரப்பில் நின்று சொன்னேன்.  அவர் சிரித்த சிரிப்பில் கம்ப்ரசர் சத்தமே அமுங்கிப் போயிற்று.

"கல்லுக்கு யாராச்சும் தையலு விடுவாங்களா புள்ள? மடிச்சு அடிச்சுரலாம்னு பாத்தியா?"

"சிரிக்காதீங்க. இப்ப என்னங்க பண்றது?"

"அப்படியே சாத்தி வை. வேற யாரும் வெட்டுனா உருட்டுன வெளிம்பு தெறிச்சுரும். நான் வந்து வெட்டறேன்."

நான் வேண்டுமென்று செய்த தப்பு இல்லை. ஆனால் அவர் "நான் வந்து" என்று சொன்னபோது, அந்த ஒரு அங்குலத்தின் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது. சரியாக வெட்டி வந்திருந்தால் எந்த மேஸ்திரியும் ஒட்டிவிட்டுப் போயிருப்பான். இப்போது அவரேதான் வந்தாக வேண்டும்.

கற்கள் சுவரில் சாய்ந்து நின்றன. மகள் லீவில் வந்தபோதெல்லாம் காலில் இடித்துக்கொண்டு கத்தினாள். டைல்ஸ் கடை பாய் இரண்டு முறை சொல்லியனுப்பினார், "நல்ல மேஸ்திரி இருக்காருமா, ஒரே வாரத்துல முடிச்சுக் குடுத்துருவாரு" என்று. வேண்டாம் என்றேன். ஐப்பசி மழையில் ஜன்னலடி ஊறி, மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் பூஞ்சை பிடித்தது. மேல்வீட்டு அக்கா, "ஏ சாமி, புருசன் வந்து ஒட்டுனாத்தான் கல்லு ஒட்டுமா?" என்று கேலி செய்தாள். ஆமாம் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன். அதன் பிறகு ஒரு மாதம் அவளுடைய ஜாக்கெட்டைத் தைக்காமல் கிடப்பில் போட்டேன்.

நடுவில் ஒரு முறை வந்தார். மாமனார் தவறிப்போனதற்கு. ஐந்து நாள் இருந்தார். எழவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பாமல் கட்டுமான வேலை கூடாது என்று பங்காளிகள் சொல்லிவிட்டார்கள். வருகிறவர்களும் போகிறவர்களுமாக வீடு நிறைந்திருந்தது. ஐந்து நாளில் நாங்கள் தனியாகப் பேசியது பத்து வார்த்தை இருக்காது. கிளம்புகிற அன்று கற்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒரு கல்லின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார். "நல்லா உருட்டியிருக்கான்ல?" என்றார். நான் தலையாட்டினேன்.

போன வைகாசியில் உண்மையாகவே லீவில் வந்தார். இருபது நாள். ஊரெங்கும் பலாப்பழ வாசனை. வந்த மறுநாளே பாய் கடையில் கட்டிங் மிஷின் வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார்.

அவர் வெட்டுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மூடியில் ஓட்டை போட்ட பாட்டிலால் பிளேடின் மேல் தண்ணீர் விடுவேன். ஒவ்வொரு கல்லிலும் இந்தப் பக்கம் அரை, அந்தப் பக்கம் அரை. வெள்ளைச் சேறு என் முகத்தில் தெறிக்கும். துண்டு விழும்போதெல்லாம், "இந்தா புள்ள, உன்ற தையலு" என்று எடுத்து நீட்டுவார். வெட்டிய முனையை உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துப் பழையபடி வழவழப்பாக்குவார். மூலையில் இரண்டு கல் சேருகிற இடத்தைச் சாய்த்து அறுத்து, கோடு தெரியாமல் பொருத்துவார். எல்லோர் வீட்டிலும் மூலையைத்தான் சிமெண்ட் பூசி மறைப்பார்கள். அவர் மூலையை மறைக்கவில்லை. நான் ஜாக்கெட்டின் கழுத்துப்பட்டியை அப்படித்தான் திருப்புவேன். இதை அவரிடம் சொன்னேன். "பின்ன, யாரு புருசன்?" என்றார்.

அந்த நாட்களில் நான் எவ்வளவு சந்தோசமாக இருந்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. மத்தியானம் இருவரும் தூசியோடு உட்கார்ந்து கூழ் குடித்தோம். சாயங்காலம் மேல்வரப்புக்குப் போகவேண்டிய வேலையே இல்லை. ஆனால் ஒவ்வொரு சுவராக முடிய முடிய எனக்குள் ஒன்று இறங்கிக்கொண்டே வந்தது. பன்னிரண்டாம் நாள் ஒரே ஒரு சுவர்தான் பாக்கி. அன்று தைத்த துணியைக் கொடுக்கவேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு, தண்ணீர் ஊற்ற உட்காரவில்லை. அவர் காத்திருந்தார். மறுநாள், முன்னால் போட்ட ஒரு கல் கோணலாக இருக்கிறது என்று சொன்னேன். அது கோணல் இல்லை. அவர் மட்டப்பலகை வைத்துப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பெயர்த்து மறுபடி ஒட்டினார்.

பதினைந்தாம் நாள் எல்லாம் முடிந்தது. வீட்டைத் துடைத்துவிட்டு நின்று பார்த்தோம். அதே சுவர், அதே டைல்ஸ். நான்கு பக்கமும் வெள்ளையாக ஒரு பட்டை ஓடியதும் எல்லாவற்றுக்கும் இடம் கிடைத்த மாதிரி இருந்தது. தரை எங்கே நிற்கிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னலில் முழங்கை ஊன்றி நிற்கலாம், சட்டை கிழியாது. கதவைச் சாத்தினேன். ஒரு பொட்டு மணல்கூடக் கொட்டவில்லை. அவர் ஒவ்வொரு மூலையையும் படம் பிடித்து வண்டியில் இருப்பவர்களுக்கு அனுப்பினார். மேல்வீட்டு அக்கா வந்து விளிம்பையெல்லாம் தடவிப் பார்த்தாள். நான் இதற்காகத்தான் நான்கு வருடம் காத்திருந்தேன் என்று அவள் நினைத்தாள்.

பதினெட்டாம் நாள் ஓனரிடமிருந்து போன் வந்தது. வண்டி இன்னும் வடக்கே, வேறு மாநிலத்துக்குப் போகிறது, உடனே வரவேண்டும் என்று.

காலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு இருவரும் நடந்தோம். பையை நான் வாங்கிக்கொண்டேன். ரோட்டில் வேறு யாரும் இல்லை. மேலே இருந்து பஸ் இறங்கி வருகிற சத்தம் கேட்க ஆரம்பித்தது. இனிமேல் கேட்பதற்குக் கல்லும் இல்லை, அளவும் இல்லை, போனில் நான் எதைச் சொல்லிப் பேசுவேன் என்று நினைத்தேன். பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"ஏனுங்க, போவாதீங்க. எனக்கு முடியலீங்க. நீங்க இங்கயே இருந்துருங்க."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. புரியாமல் பார்த்தார்.

"இத இத்தன வருசத்துல ஒருக்காலும் நீ சொன்னதில்லியே புள்ள."

"இப்ப சொல்றேனுங்க."

ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்.  "நீ அளவு அனுப்புன மாசமே சித்தூர் பக்கம் ஒரு வண்டிக்கு ஆளு கேட்டாங்க. மாசம் ஒருக்கா ஊட்டுக்கு வந்துட்டுப் போலாம். நாந்தான் போவல. அங்கெல்லாம் இந்தக் கல்லு கெடைக்காது. நீயும் போன் எடுத்தாக் கல்லு என்னாச்சு, கல்லு என்னாச்சுன்னு அத்தன ஆசையாக் கேட்டியா, சரி, கல்லோடதான் போவோணும்னு இருந்துட்டேன்."

"அந்த வண்டிங்க?"

"அதுக்கு வேற ஆளு போயாச்சு."

பஸ் வந்து நின்றது. என் கையிலிருந்து பையை வாங்கினார். வாங்கும்போது என் விரல்களை ஒரு அழுத்து அழுத்தினார். "சொல்லியாச்சுல்ல, பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். கண்டக்டர் விசில் ஊத, பஸ் வளைவில் திரும்பிக் கீழே இறங்கியது. சத்தம் தேய்ந்து இல்லாமல் போகும்வரை நின்றேன். பிறகு யாருமில்லாத அந்த ரோட்டைப் பார்த்து, வாய்விட்டு, "எனக்குக் கல்லு வேண்டாங்க" என்றேன்.